பைன் மரத்தடியில் படுத்திருப்பவள்

அன்புள்ள கயல்,

நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து மனசு அங்கேயே இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் சாய்ந்து கிடக்கும் பைன் மரத்தின் வேரடியில், ஒரு கருங்கரடி சருகை வாரி வாரி உள்ளே இழுத்துப் போட்டதாகச் சொன்னாய். மாப்பிள்ளை டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கலாம் என்கிறாராம். வேண்டாம் கண்ணு. ஏன் என்று போனில் சரியாகச் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மின்னசோட்டாவில் அக்டோபர் தொடக்கத்திலேயே இடம் பிடித்துவிட்டது என்றால் அது சினைக்கரடியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அவைதான் முதலில் படுக்கும், ஆண் கரடிகள் கடைசியில். குளிர் வந்ததும் கரடி படுத்துவிடும் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். பெரும்பாலும் தீனிதான் நாளைக் குறிக்கிறது. ஓக் கொட்டையும் பெர்ரியும் தீர்ந்த பிறகு அலைந்தால், கிடைப்பதைவிடக் கரையும் கொழுப்பு அதிகம். நன்றாகக் காய்த்த வருடத்தில் படுக்கப் போவது தள்ளிப்போகும். அதனால்தான் சொல்கிறேன், பறவைகளுக்குத் தீனி வைக்கும் கூட்டை இறக்கி வை. மற்ற கரடிகளும் அதற்காகவே சுற்றிக்கொண்டிருக்கும்.

இடத்தைப் பற்றிக் கேட்டாயே. மரப்பொந்து, பாறை இடுக்கு, வேரடி, கிளைக் குவியல் எதுவானாலும் சரிதான் அதற்கு. லூசியானாவின் சதுப்புக் காட்டில் வெள்ளத்துக்குப் பயந்து சைப்ரஸ் மரத்தில் உயரத்தில் இருக்கும் பொந்துக்கு ஏறிவிடும். ஆனால் இடம் சின்னதாக இருக்க வேண்டும். உடம்பை நெருக்கி நுழையும் அளவுக்கு வாசல், சுருண்டு படுக்கும் அளவுக்கு உள்ளே இடம். அவ்வளவு சிறிசாக இருந்தால்தான் உடம்புச் சூடு அங்கேயே நிற்கும். மேலே பனி மூடிக்கொண்டால் இன்னும் நல்லது.

அந்தச் சினைக்கரடியைப் பற்றி எனக்கு ஆச்சரியம் தீராத விஷயம் ஒன்று உண்டு. ஜூன், ஜூலையில் இணை சேர்ந்தாலும் கரு உடனே வளராது. நவம்பர் வரைக்கும் கருப்பைக்குள் ஒட்டாமல் காத்திருக்கும். அதற்குள் அவள் உடம்பில் போதிய கொழுப்பு சேரவில்லை என்றால் அந்த வருடம் குட்டி இல்லை. சேர்ந்திருந்தால் ஜனவரியில், ஒரு வாய் தின்னாமல், ஒரு சொட்டுக் குடிக்காமல் அந்த இருட்டுக்குள்ளேயே ஈன்று பால் கொடுப்பாள். பிறக்கும்போது குட்டி அரைக் கிலோகூட இருக்காது.

உனக்கு இரண்டு வயதிருக்கும்போது, ஜனவரி கடைசியில், நானும் அப்பாவும் காட்டுப் பாதையில் நடந்துகொண்டிருந்தோம். பனியில் கைமுட்டி அளவுக்கு ஒரு துளை. அதைச் சுற்றியிருந்த சுள்ளிகளில் மட்டும் வெள்ளை வெள்ளையாக உறைபனி பூத்திருந்தது. உள்ளே இருப்பதன் மூச்சு பட்டு உறைந்தது என்று எனக்கு அப்போது தெரியாது. குனிந்து காது வைத்தேன். சின்ன மோட்டார் ஓடுவது போல ஒரு ரீங்காரம். குட்டிகள் பால் குடிக்கும் சத்தம் அது. சட்டென்று அது நின்றது. உள்ளேயிருந்து பலமாக ஒரு மூச்சு. அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

கரடியின் உறக்கம் நாம் நினைப்பது போல ஆழமானது இல்லை. அலாஸ்காவில் ஐந்து கருங்கரடிகளைக் கவனித்து 2011இல் எழுதியிருந்தார்கள். உடம்பு செலவழிக்கும் சக்தி கால் பங்காகக் குறைந்திருந்ததாம். ஆனால் உடம்புச் சூடு 30 டிகிரிக்குக் கீழே போகவில்லை. அதனால் தொந்தரவு வந்தால் எழுந்துவிடும். சில தாய்கள் குட்டியை விட்டுவிட்டு ஓடியும் விடும். திரும்பி வராவிட்டால் குட்டிகள் விறைத்துச் செத்துப்போகும். நான் கேட்ட அந்தக் குட்டிகள் என்ன ஆயின என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். போய்ப் பார்ப்பது இன்னொரு தவறு என்று நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை.

அதனால் நாயைக் கட்டியே கூட்டிப் போ. அந்தப் பக்கம் விறகு வெட்ட வேண்டாம். மாப்பிள்ளையிடம் இதைப் படித்துக் காட்டு. குட்டியோடு இருப்பவள் மற்றவர்களுக்குப் பிறகுதான் வெளியே வருவாள், அநேகமாக ஏப்ரலில். சமையலறை ஜன்னலிலிருந்து அந்த மரம் தெரியும் என்றாயே, அங்கிருந்தே எத்தனை குட்டி என்று எண்ணி எனக்குச் சொல்லு.

அன்புடன்,
அம்மா