கப்பல் நிற்கும் ஒரு பகலில் பெர்முடாவின் கூரைகளைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் சொகுசுக் கப்பல் பயணம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கப்பலின் தளங்கள், நீச்சல் குளங்கள், இரவு விருந்து என்று முழுப் பக்கம் எழுதியவர், வழியில் ஒரு பகல் நின்ற பெர்முடாத் தீவுக்கு இரண்டே வரி ஒதுக்கியிருந்தார். கடற்கரை அழகு, அரை நாளில் பார்த்து முடித்துவிடலாம், நடக்க முடியாத பெரியவர்கள் கப்பலிலேயே ஓய்வெடுக்கலாம் என்று எழுதியிருந்தார். அந்தக் கடைசி யோசனை எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது.

எனக்கு அறுபத்தெட்டு வயது. முழங்கால் வலியும் உண்டு. சென்ற கோடையில் நியூஜெர்சியில் இருக்கும் மகள் குடும்பத்தோடு கப்பலில் போய் அதே தீவில் ஒரு பகல் இறங்கினேன். அன்றைக்கு நான் கப்பலிலேயே இருந்திருந்தால், என் தொழிலில் இத்தனை வருடம் பார்க்காத ஒன்றைப் பார்க்காமலே போயிருப்பேன்.

நான் குடிநீர்த் திட்டப் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எந்த ஊரில் கால் வைத்தாலும் இங்கே தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றுதான் முதலில் தேடுவேன். பெர்முடாவில் ஆறு கிடையாது, ஓடை கிடையாது, நன்னீர் ஏரியும் கிடையாது. அமெரிக்காவின் வட கரோலினாக் கரையிலிருந்து சுமார் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, அட்லாண்டிக் கடலின் நடுவே, எல்லாம் சேர்த்தே 53 சதுர கிலோமீட்டர்தான். முழுக்கச் சுண்ணாம்புக்கல். பெய்கிற மழை கல்லுக்குள் இறங்கிப் போய்விடும். 1609-ல் வர்ஜீனியாவுக்குப் போய்க்கொண்டிருந்த சீ வென்ச்சர் என்ற ஆங்கிலேயக் கப்பல் புயலில் சிக்கி அங்கே பாறையில் மோதி நின்றது. 1612-ல் குடியேற்றம் தொடங்கியது. இன்று அறுபதாயிரம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள். இவ்வளவு பேரும் எதைக் குடித்தார்கள், எதைக் குடிக்கிறார்கள்?

பதில் வீட்டுக் கூரைதான். அங்கே வீட்டுச் சுவர்கள் இளஞ்சிவப்பு, மஞ்சள், வெளிர்நீலம் என்று பல நிறம். கூரை மட்டும் எல்லா வீட்டுக்கும் வெள்ளை. படிப்படியாக இறங்கும் கூரை. தீவிலேயே அறுத்தெடுத்த சுண்ணாம்புக்கல் பலகைகளை ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் மேல் ஏறினாற்போல் அடுக்கி, சாந்து பூசி, மேலே வெள்ளையடித்திருக்கிறார்கள். பழைய நாளில் சுண்ணாம்பு, இப்போது அதற்கென்றே வரும் பெயிண்ட். கொட்டுகிற மழையின் வேகத்தை அந்தப் படிகள் மட்டுப்படுத்துகின்றன. கூரையின் கீழ்ப்பக்கம் சாய்வாக ஒரு கல் வரப்பு ஓடுகிறது. அதுதான் தண்ணீரைத் திருப்பிக் குழாய்க்குள் விடுகிறது. குழாய் வீட்டுக்கு அடியில் உள்ள தொட்டிக்குப் போகிறது. கல் கூரையின் கனம் சூறாவளிக்கும் தாங்கும்.

இது விருப்பப்பட்டவர்கள் செய்கிற காரியம் இல்லை, சட்டம். கூரைப் பரப்பில் ஐந்தில் நான்கு பங்காவது மழையைப் பிடிக்க வேண்டும். கூரையின் ஒரு சதுர அடிக்கு எட்டு கேலன், அதாவது முப்பது லிட்டருக்கு மேல், என்ற கணக்கில் தொட்டி இருக்க வேண்டும். ஆறு ஆண்டுக்கு ஒரு முறையாவது தொட்டியைக் காலி செய்து கழுவ வேண்டும். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அங்கே ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஐந்தில் நான்கு பங்கு பிடித்தால் ஆண்டுக்கு ஒரு லட்சம் லிட்டருக்குக் கொஞ்சம் மேல். நாளொன்றுக்கு 280 லிட்டர். நாலு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு எழுபது. சிக்கனமாக இருந்தால் போதும், ஊதாரித்தனத்துக்கு இடமில்லை. சென்னைக்கும் ஆண்டு மழை ஏறக்குறைய இவ்வளவுதான். நமக்குப் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் வந்து தீர்ந்துவிடும், அவர்களுக்குப் பன்னிரண்டு மாதமும் பரவிப் பெய்கிறது என்ற வித்தியாசத்தையும் சொல்லிவிட வேண்டும். மழை பொய்த்தால் லாரித் தண்ணீர் வாங்குகிறார்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களும் இருக்கின்றன. ஆனாலும் வீட்டுக்கு வீடு முதல் ஆதாரம் கூரைதான்.

இதையெல்லாம் பார்க்க நான் மலையேறவில்லை. கப்பல் நிற்பது தீவின் மேற்கு முனையில், ராயல் நேவல் டாக்யார்ட் என்ற பழைய கடற்படைத் தளத்தில். 1809-ல் தொடங்கிய வேலை அது. பின்னாளில் பிரிட்டனிலிருந்து கைதிகளைக் கொண்டுவந்து, பழைய கப்பல்களில் அடைத்து வைத்துக் கல் உடைக்க விட்டார்கள். 1863 வரை அப்படி வந்தவர்கள் ஒன்பதாயிரம் பேர் அளவில். மஞ்சள் காய்ச்சலில் கூட்டம் கூட்டமாகச் செத்திருக்கிறார்கள். அவர்களுக்கு முன்பே அங்கே அடிமைகளின் உழைப்பும் சேர்ந்திருக்கிறது. இன்று அந்தச் சுவர்களுக்குள் கடைகளும் உணவகங்களும். பொருள் வாங்குகிறவர்கள் வாங்கட்டும். ஐந்து நிமிடம் நின்று அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாங்கட்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

அங்கிருந்தே பொதுப் பேருந்து கிளம்புகிறது. இளஞ்சிவப்பு நிற வண்டி. ஒரு நாள் பாஸ் எடுத்தால் பேருந்துக்கும் படகுக்கும் செல்லும். மகளும் பேரனும் கடற்கரைக்குப் போக ஆசைப்பட்டார்கள். "நீங்க எல்லாரும் போங்க மாப்பிள்ளை, நான் வழியில ஒரு ஊர்ல இறங்கிச் சுத்திப் பாத்துட்டு வர்றேன்" என்றேன். "தனியா எதுக்கு அத்தை, நானும் வர்றேன்" என்று அவரும் கூடவே இறங்கிவிட்டார். சாமர்செட் என்ற கிராமம். இரண்டு பக்கமும் அரளி வேலி, செம்பருத்தி வேலி. சாலை குறுகலானது. 35 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு வீட்டுக்கு ஒரே கார்தான் அனுமதி. சுற்றுலாப் பயணிக்கு வழக்கமான கார் வாடகைக்குக் கிடைக்காது.

ஒரு வீட்டு வாசலில் செடி நறுக்கிக்கொண்டிருந்த மூதாட்டியிடம் காலை வணக்கம் சொன்னேன். அந்தத் தீவில் வணக்கம் சொல்லாமல் எதையும் கேட்கக் கூடாது. பேருந்து ஓட்டுநரிடம் வழி கேட்பதானாலும் முதலில் வணக்கம்தான். கூரையைக் காட்டி, நான் செய்த வேலையைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்து, திண்ணை ஓரத்தில் இருந்த தொட்டி மூடியை மாப்பிள்ளையைத் தூக்கச் சொன்னார். குனிந்து பார்த்தேன். தெளிந்த தண்ணீர், முக்கால் அளவு. சிறுவயதில் காலையில் எழுந்ததும் தொட்டியில் குச்சி விட்டு ஆழம் பார்ப்பது அவர் வேலையாம். இன்றும் விருந்தாளி குளிக்கப் போனால் குழாயைத் திறந்து போட்டுவிட்டு நிற்காதே என்று சொல்லித்தான் அனுப்புவாராம். ஒரு டம்ளர் கொடுத்தார். குடித்தேன். லேசான சுண்ணாம்புச் சுவை, மற்றபடி நல்ல மழைத் தண்ணீர்.

பிறகு அடுத்த பேருந்தில் ஏறி கிப்ஸ் ஹில் கலங்கரை விளக்கம் பக்கம் இறங்கினோம். 1846-ல் நிறுவிய வார்ப்பிரும்புக் கோபுரம். மேலே ஏற 185 படிகள். என் முழங்காலுக்கு அது ஆகாது, ஏறவும் தேவையில்லை. அது நிற்கும் குன்றிலிருந்தே தீவின் கூரைகள் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளையாகத் தெரிகின்றன. ஹார்ஸ்ஷூ பே கடற்கரையில் மகளோடு சேர்ந்துகொண்டோம். மணலின் இளஞ்சிவப்பு, கடலடியில் வாழும் மிகச் சிறிய உயிர்களின் சிவப்பு ஓடுகள் நொறுங்கிக் கலந்ததால் வருவது. எங்கள் கப்பலில் வந்த பயணிகளில் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள். உட்கார இடமில்லை.

ஒரு பெரிய கப்பல் என்றால் நாலாயிரம் பேருக்கு மேல். கப்பலுக்கு வேண்டிய நன்னீரில் பெரும்பகுதியைக் கடல்நீரிலிருந்து கப்பலிலேயே தயாரித்துக்கொள்கிறார்கள். குழாயைத் திறந்தால் எப்போதும் வருகிறது, குளிப்பதற்கு அளவில்லை. அந்தக் கப்பலைக் கட்டி நிறுத்தியிருக்கும் துறைக்கு எதிரே, கூரையில் விழுந்ததை அளந்து வாழும் ஒரு ஜனக்கூட்டம். காலையில் கப்பலில் சாப்பிட்டு, மதியம் திரும்பி வந்து கப்பலில் சாப்பிட்டு, ஒரே கடற்கரையில் ஒரே நேரத்தில் குவிந்துவிட்டுப் போனால், நம்மால் அந்த ஊருக்கும் நன்மையில்லை, அந்த ஊரால் நமக்கும் ஒன்றும் தெரியாமல் போகும். பேருந்தில் ஏறினால், ஒரு சின்னக் கடையில் மீன் ரொட்டியோ தேநீரோ வாங்கினால், அந்தப் பணமாவது தீவில் தங்கும்.

ஆசிரியர் அவர்களே, நம் வாசகர்களில் பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் பெற்றோர் ஏராளம். அவர்களைப் பிள்ளைகள் ஆசையாக இப்படிக் கப்பலில் அழைத்துப் போகிறார்கள். பயணப் பக்கத்தில் கப்பலைப் பற்றி எழுதும்போது, அது நிற்கும் ஊர் எதைக் குடிக்கிறது, யார் கட்டியது, எந்தப் பேருந்து எங்கே போகும் என்பதற்கும் பாதி இடம் ஒதுக்கச் சொல்லுங்கள். பெரியவர்களைக் கப்பலில் விட்டுவிட்டுப் போகச் சொல்லாதீர்கள். நாங்கள்தான் கிணற்றடியும் தெருக்குழாயும் பார்த்து வளர்ந்தவர்கள். பார்த்ததைப் பேரப்பிள்ளைக்குச் சொல்ல எங்களுக்குத்தான் தெரியும்.

பெர்முடாவில் இறங்கப்போகிறவர்களுக்கு இரண்டு தகவல். பேருந்து நிறுத்தக் கம்பம் இளஞ்சிவப்பாக இருந்தால் வண்டி தலைநகர் ஹாமில்டன் பக்கம் போகும். நீலமாக இருந்தால் அங்கிருந்து வெளியே போகும். பாஸ் இல்லையென்றால் சரியான சில்லறை நாணயம் வேண்டும், நோட்டு வாங்க மாட்டார்கள். இன்னொன்று, தீவின் நேரம் நியூயார்க்கைவிட ஒரு மணி முன்னால். சில கப்பல்கள் கடிகாரத்தை மாற்றும், சில மாற்றாது. திரும்ப ஏறும் நேரம் எந்தக் கணக்கில் என்பதை இறங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கப்பல் நிற்கும் டாக்யார்டில் உள்ள இரட்டைக் கடிகாரக் கோபுரத்தைப் பார்த்தும் ஏமாந்துவிடாதீர்கள். ஒன்றில்தான் மணி தெரியும். இன்னொன்றின் முள் காட்டுவது கடல் ஏற்றத்தின் நேரம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வு பெற்ற குடிநீர்த் திட்டப் பொறியாளர்