வணிக வேலைக்குப் படிப்பவர்கள் துணைப்பாடத்தையும் பார்த்துச் சேர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடிவுகள் வெளியாகி, கலை அறிவியல் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் இந்த நாள்களில், 'எந்த பி.காம். எடுத்தால் வேலை கிடைக்கும்?' என்ற கேள்வியோடு பெற்றோர் பலர் என்னிடம் வருகிறார்கள். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவைக் கவனித்துக்கொள்வதோடு, பட்டம் முடித்து வரும் இளைஞர்களை நேர்காணல் செய்யும் பொறுப்பும் எனக்கு இருப்பதால் என்னைக் கேட்கிறார்கள். அவர்களுக்குத் தனித்தனியே சொல்லிவரும் பதிலைத் தங்கள் நாளிதழ் வழியாக எல்லோருக்கும், குறிப்பாகக் கல்லூரி நிர்வாகங்களுக்கும் உயர்கல்வித் துறைக்கும், தெரிவிக்க விரும்புகிறேன்.

பொது பி.காம்., கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப், அக்கவுன்டிங் அண்ட் ஃபைனான்ஸ், வங்கி மேலாண்மை, புரொஃபஷனல் அக்கவுன்டிங், பிசினஸ் அனலிட்டிக்ஸ் என்று ஒரே பட்டம் இன்று பல பெயர்களில் வழங்கப்படுகிறது. ஆனால் இவற்றின் பாடத்திட்டங்களை அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு, நிதிக் கணக்கியல், வணிகச் சட்டம், அடக்கவிலைக் கணக்கியல், கம்பெனிக் கணக்கியல், வருமான வரி ஆகியவை பெரும்பாலும் எல்லாவற்றிலும் இருப்பதும், வேறுபாடு சில தாள்களோடு முடிந்துவிடுவதும் எளிதில் புலப்படும். பி.காம். சி.ஏ. என்றால் ஆடிட்டர் ஆவதற்கான படிப்பு என்று நம்பிச் சேர்த்துவிட்டு, அது கணினிப் பயன்பாட்டைக் குறிப்பது என்று சேர்ந்த பிறகு அறிந்துகொண்ட குடும்பங்களை நான் அறிவேன். பெயரைப் பற்றி இவ்வளவு விசாரிக்கும் பெற்றோர், முதன்மைப் பாடத்தோடு பிள்ளை படிக்கப்போகும் அலைடு, அதாவது துணைப்பாடம், எது என்று கேட்பதே இல்லை. என் அனுபவத்தில், நேர்காணலில் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் அந்தத் துணைப்பாடமே.

நேர்காணலுக்கு வருபவரிடம் நான் ஓர் ஆர்டர் தாளைக் கொடுப்பது வழக்கம். இருபதாயிரம் டி-ஷர்ட், ஒன்றுக்கு நான்கு டாலர், துணியின் எடை, நூல் விலை, தையல் கூலி, அன்றைய டாலர் மதிப்பு ஆகியவை அதில் இருக்கும். சரக்கு கப்பலேறிப் பணம் வருவதற்குள் டாலருக்கு ஒரு ரூபாய் குறைந்தால் நமக்கு என்ன ஆகும் என்று கேட்பேன். எண்பதாயிரம் டாலர் ஆர்டரில் எண்பதாயிரம் ரூபாய் போய்விடும் என்பது மனக்கணக்கிலேயே வரக்கூடிய விடைதான். என்றாலும், ஜர்னல் பதிவைப் பிழையின்றி எழுதும் வணிகவியல் பட்டதாரிகளில் பலர் இந்த இடத்தில் தயங்கி நின்றுவிடுகிறார்கள். லாபம் மொத்தமே எவ்வளவு, அதில் இந்த எண்பதாயிரம் எத்தனை பங்கு, இப்படிப்பட்ட இறக்கம் எவ்வளவு அடிக்கடி வரக்கூடும் என்ற அடுத்த கேள்விகளுக்கு அவர்கள் போவதே இல்லை. புள்ளியியலையோ இயற்பியலையோ முதன்மைப் பாடமாகப் படித்துவிட்டு வருபவர் இந்தக் கணக்கை நொடியில் முடித்துவிடுகிறார். ஆனால் டியூட்டி டிராபேக், அதாவது ஏற்றுமதிப் பொருளுக்கான மூலப்பொருள்கள் மீது கட்டிய சுங்க வரியைத் திரும்பப் பெறுவது, என்றால் என்ன, ஏற்றுமதியாளர் நூலுக்கும் சாயத்துக்கும் கட்டிய ஜி.எஸ்.டி. எப்படித் திரும்பக் கிடைக்கிறது, அந்தப் பணம் வரும்வரை நிறுவனம் எதை வைத்துச் சமாளிக்கிறது என்று கேட்டால் அவரிடம் பதில் இல்லை. இருவருமே நன்றாகப் படித்தவர்கள்தான். ஒருவரிடம் இருப்பது மற்றவரிடம் இல்லை, அவ்வளவே. அந்தக் குறையை மூன்று ஆண்டுகளுக்குள்ளேயே, கூடுதல் கட்டணமின்றி, துணைப்பாடத்தைக் கொண்டு நிரப்பியிருக்க முடியும் என்பதே என் ஆதங்கம்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது இது இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. எந்த ஆர்டருக்கு எவ்வளவு தள்ளுபடி கொடுத்தால் தாங்கும், எதை விட்டுவிடுவது நல்லது என்று ஒரே மாலையில் கணக்குப் போட்டுச் சொல்லக்கூடியவர்களை எங்கள் ஊர் அலுவலகங்கள் தேடின. பேரேடு எழுதத் தெரிந்தால் மட்டும் அந்த வேலையைச் செய்துவிட முடியாது. பொருளியலும் புள்ளியியலும் ஓரளவேனும் கைவந்திருக்க வேண்டும்.

மொழிப் பாடங்களைப் படித்தவர்களுக்கு வணிகத் துறையில் இடமில்லை என்ற எண்ணமும் தவறானது. எல்.சி. முறையில், அதாவது வாங்குபவரின் வங்கி தரும் பண உறுதிக் கடிதத்தின் பேரில், பணம் பெறும்போது, இன்வாய்ஸில் உள்ள சரக்கு விவரம் எல்.சி.யில் சொல்லப்பட்டதோடு பொருந்த வேண்டும். பொதுவாகச் சரக்கு ஏற்றிய 21 நாள்களுக்குள் ஆவணங்களை வங்கியில் சேர்க்க வேண்டும். பிசகு இருந்தால் வங்கி பணம் தர மறுக்கலாம். எங்கள் ஆவணப் பிரிவில் இந்த வேலையை மிகச் சிறப்பாகச் செய்பவர் ஆங்கில இலக்கியம் படித்த பெண். துணி விவரத்தில் 'கோம்டு' (சீவிச் செம்மையாக்கிய பருத்தி நூல்) என்ற ஒரு சொல் விடுபட்டிருந்ததை, ஆவணங்கள் வங்கிக்குப் போவதற்கு முன்பே அவர் கண்டுபிடித்திருக்கிறார். கல்லூரியில் பிற துறை விருப்பப்பாடமாக வணிகவியல் அறிமுகத்தை எடுத்துப் படித்ததுதான் தம்மை இந்த வேலைக்கு விண்ணப்பிக்கத் துணியவைத்தது என்று அவர் சொல்வார். மதிப்பெண்ணுக்காக ஒப்புக்கு எழுதிவிட்டுப் போவார்களே, அந்தத் தாள்தான் அது.

ஆகவே மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதன்மைப் பாடம் வணிகவியல் என்றால், வாய்ப்புள்ள இடத்தில் புள்ளியியலையோ பொருளியலையோ துணைப்பாடமாகக் கேட்டு வாங்குங்கள். கணக்கியலின் இன்னொரு கிளையையே துணையாக எடுப்பதால் புதிதாகச் சேர்வது குறைவு. முதன்மைப் பாடம் கணிதமாகவோ, பொருளியலாகவோ, ஆங்கிலமாகவோ இருந்தால் கணக்கியலைத் துணையாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வணிகவியல் படிக்காவிட்டால் கதவு மூடிவிடும் என்ற பயம் தேவையில்லை. ஆடிட்டர் ஆவதற்கான சி.ஏ. படிப்பின் இன்டர்மீடியட் நிலைக்குப் பட்டதாரிகள் நேரடியாகவே போகலாம்; வணிகவியல் பட்டதாரிக்கு 55 சதவீதமும் மற்றவர்களுக்கு 60 சதவீதமும் மதிப்பெண் வேண்டும் என்பதே வேறுபாடு. பிளஸ் டூ முடித்தவுடன் அதன் தொடக்க நிலையான ஃபவுண்டேஷன் எழுதுவோருக்கோ, வணிகக் கணிதமும் புள்ளியியலும் தர்க்கத் திறனும் சேர்ந்து ஒரு முழுத் தாளாகவே இருக்கின்றன. எம்.பி.ஏ. சேர்வதற்கான கேட் தேர்வும் டான்செட் தேர்வும் எந்தப் பட்டம் என்று பார்ப்பதில்லை. இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வுக்கு, பட்டப் படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்தாலே தகுதி உண்டு. இது வணிக வேலை அல்ல என்றாலும், பட்டத்தின் பெயரைத் தாண்டி உள்ளே படித்த பாடமும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது என்பதற்காகக் குறிப்பிடுகிறேன்.

இதில் வருத்தத்துக்குரியது, எதைப் படிப்பது என்ற முடிவில் பாதி பத்தாம் வகுப்பு முடித்த கையோடு நடந்துவிடுவதுதான். பிளஸ் ஒன்னில் கணிதம் இல்லாத வணிகவியல் குரூப்பை எடுக்கும் பிள்ளைக்கு, பி.எஸ்சி. புள்ளியியல் போன்ற படிப்புகளில் சேரும் வழி அப்போதே அடைபட்டுவிடுகிறது. கணக்கு வராது என்று பதினைந்து வயதில் முடிவுகட்டிவிடாமல், வணிகக் கணிதத்தையாவது விடாமல் படிக்கவைக்கும்படி பள்ளி ஆசிரியர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பு, மூன்றாண்டுப் பட்டத்தின் 120 கிரெடிட்டில் 60ஐ முதன்மைப் பாடத்துக்கும் 24ஐத் துணைப்பாடத்துக்கும் குறைந்தபட்சமாக ஒதுக்குகிறது. அண்டை மாநிலமான கேரளம் 2024இல் நான்காண்டுப் பட்டத்தையே தொடங்கிவிட்டது. நம் மாநிலம் மூன்றாண்டு முறையைத் தொடர்வது சரியா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை; ஏழை வீட்டுப் பிள்ளைக்கு நான்காவது ஆண்டு என்பது பெரிய சுமை என்பதையும் அறிவேன். மூன்றாண்டுக்குள்ளேயே துணைப்பாடத்தை மாணவர் தேர்ந்தெடுக்க முடியுமா என்பதே என் கேள்வி. இப்போது பெரும்பாலான கல்லூரிகளில் அதைத் துறையே முடிவு செய்துவிடுகிறது. ஆசிரியர் பணிச்சுமையையும் கால அட்டவணையையும் காரணமாகச் சொல்கிறார்கள். அந்தச் சிரமம் உண்மையானதே. ஆயினும் வணிகவியலும் பொருளியலும் கணிதமும் ஒரே வளாகத்தில் இயங்கும் கல்லூரிகளில், வாரத்தில் சில மணி நேரத்தை எல்லாத் துறைக்கும் பொதுவாக ஒதுக்கி, இரண்டு மூன்று துணைப்பாடங்களில் ஒன்றை மாணவரே எடுத்துக்கொள்ள விடுவது முடியாத காரியம் அல்ல.

அரசுக் கல்லூரிகளுக்கான இணையவழி விண்ணப்பத்தில், ஒவ்வொரு பாடப்பிரிவின் பெயருக்கும் எதிரே ஆறு பருவங்களுக்கான தாள்களின் பட்டியலையும், துணைப்பாடம் எது, அதை மாணவரே தேர்ந்தெடுக்க முடியுமா என்பதையும் தமிழில் வெளியிடுமாறு உயர்கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். புதுப் பெயரில் வரும் பட்டங்கள் அரசுப் பணிக்குப் பொது பி.காம். பட்டத்துக்கு இணையானவை என்று அரசாணை உள்ளதா என்பதும் அங்கேயே குறிப்பிடப்பட வேண்டும். படித்து முடித்த பின் இணைத்தன்மைச் சான்றுக்காக அலையும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது. தனியார் கல்லூரிகளும் தங்கள் விளம்பரங்களில் இதையே செய்யலாம். அதுவரை பெற்றோர், கட்டணம் கட்டுவதற்கு முன் துறைத் தலைவரைச் சந்தித்து அந்தப் பட்டியலை எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்வது நல்லது.

இப்படிக்கு,
ஏற்றுமதி நிறுவனக் கணக்குப் பிரிவு மேலாளர்,
திருப்பூர்.