ஐந்தாம் தேதித் தவணை

அன்பு மகன் சரவணனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு நாங்கள் நலம். நீ, கவிதா, யாழினி மூவரும் நலமா? போன் செய்தால் மீட்டிங்கில் இருக்கிறேன், அப்புறம் கூப்பிடுகிறேன் என்கிறாய். அந்த அப்புறம் வருவதே இல்லை. கடிதம் என்றால் மீட்டிங் முடிந்த பிறகும் படிக்கலாம்.

போன வருடம் ஆயுத பூஜைக்கு நீ கார் எடுத்தபோது, ஷோரூமில் கொடுத்த பெரிய அட்டைச் சாவியை மூவரும் பிடித்தபடி எடுத்த படத்தை அப்பா இன்னும் எல்லோருக்கும் காட்டுகிறார். பால்காரர்கூடத் தப்பவில்லை. அந்தப் படத்தில் யாழினி மட்டும் கேமராவைப் பார்க்காமல் சக்கரத்தடியில் இருக்கும் எலுமிச்சம்பழத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. டி.வி.எஸ். 50-ல் நான்கு பேர் போன குடும்பம் இது.

ஆனாலும் கையெழுத்துப் போடும் முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஓய்வு பெறும்வரை டவுன் பேங்க்கில் கடன் பிரிவிலேயே இருந்தவள் நான். ஊரில் யார் யாரோ கடன் பத்திரத்தைக் கொண்டுவந்து என்னிடம் காட்டுகிறார்கள். என் பிள்ளையின் கடன் விவரம் மட்டும் அப்பா பெருமையடித்துக்கொள்வதைக் கேட்டுத்தான் எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது.

பன்னிரண்டு லட்சம், ஒன்பதரை சதவீதம், ஏழு வருடம் என்றார். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். மாதம் 19,613 ரூபாய் வருகிறது. ஐந்து வருடம் என்றால் 25,202. ஐயாயிரத்துச் சொச்சம் குறைகிறதே என்று ஏழு வருடத்தைக் காட்டியிருப்பார்கள், நீயும் தலையாட்டியிருப்பாய். அந்த இரண்டு வருடத்துக்கு மொத்த வட்டியில் கூடுவது 1,35,000 ரூபாய். இதுவரை பதினான்கு தவணை கட்டியிருப்பாய். 2,74,000 ரூபாய்க்கு மேல் போயிருக்கும், ஆனால் அசலில் கழிந்தது ஒன்றரை லட்சம்கூட இல்லை. மீதியெல்லாம் வட்டி. ஆயுள் வரி ஒன்று இருக்கிறது, பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரையுள்ள வண்டிக்கு நூற்றுக்குப் பதினெட்டு. விற்கும்போது அதைத் தனியாக யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாதே. வண்டிக்கு மூன்று வயது தாண்டினால் இன்ஷூரன்ஸ் கணக்கில் நாற்பது சதவீதம் கழித்துவிடுவார்கள். உன் பன்னிரண்டு லட்ச வண்டியின் மதிப்பு அப்போது 7,20,000 ரூபாய். கடன் பாக்கியோ 7,80,000 இருக்கும். கடவுள் புண்ணியத்தில் ஒன்றும் ஆகாது, ஆகக் கூடாது. ஆனால் வண்டி முழுதாகப் போனால்கூடக் கடன் மிஞ்சும் என்பதை யாராவது உன்னிடம் சொன்னார்களா?

இத்தனையும் எதற்கு? அடுக்குமாடிக்குக் கீழே உறை போட்டு நிறுத்துவதற்கு. ஓ.எம்.ஆர். நெரிசலுக்குப் பயந்து பைக்கில்தான் ஆபீசுக்குப் போகிறாயாம், கவிதா சொன்னாள். பெட்ரோல் மிச்சம் என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குச் சரியாகப் படவில்லை.

அதனால் அசலைக் குறைக்கப் பார். கையில் ஐம்பதாயிரம் சேர்ந்தாலும் அசலில் கட்டு. தவணையைக் குறைக்கட்டுமா, காலத்தைக் குறைக்கட்டுமா என்று கேட்பார்கள், காலத்தை என்று சொல். நிலையான வட்டிக் கடனாக இருந்தால் முன்கூட்டிக் கட்டுவதற்கும் கட்டணம் கேட்கலாம், ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருக்கும், படித்துப் பார். போனஸ் வந்தால் முதலில் அசல். போனஸ் வருமா என்று நான் கேட்கவில்லை. ஐ.டி. கம்பெனிகளில் ஆட்குறைப்பு என்று பத்திரிகையில் செய்தி வரும் நாட்களில் அப்பா அந்தப் பக்கத்தை மட்டும் தனியாக மடித்துவைத்துவிடுகிறார், அவ்வளவுதான்.

சென்ற வாரம் அவருடைய பாஸ்புக்கில் பதிவு போட நான் போயிருந்தேன். வழக்கமாக நான்தான் போவேன். இந்த முறை தானே போவதாகச் சொன்னார், அதுவே புதிதாக இருந்தது. பென்ஷன், கரண்ட் பில், சிலிண்டர், மருந்துக்கடை எல்லாம் எப்போதும்போல இருக்கின்றன. நான்காம் தேதிகளில் என்ன எழுதியிருக்கிறது என்று உன்னிடம் நான் கேட்கப்போவதில்லை. அவரிடமும் கேட்கவில்லை. உன் தவணையை ஐந்தாம் தேதி பிடிப்பார்கள் என்பதும், தொகை எவ்வளவு என்பதும் எனக்குத் தெரியும். கண் ஆபரேஷனைச் சித்திரைக்குத் தள்ளிவைத்துவிட்டேன் என்று நேற்று அவராகவே சொன்னார். வெயில் காலத்தில் யாராவது கண் ஆபரேஷனுக்கு நாள் குறிப்பார்களா?

வண்டியை வைத்துக்கொள்ள முடியவில்லை என்றால் விற்றுவிடு. நாள் போகப் போக விலைதான் இறங்கும். முதலில் வங்கியில் முழுப் பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் வாங்கு. கட்டி முடித்ததும் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வாங்கி ஆர்.சி.யில் வங்கியின் பெயரை நீக்கு. ஒரு தவணை தவறினாலும் அபராதம் ஒரு பக்கம், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண் ஒரு பக்கம், நாளைக்கு வீட்டுக் கடன் கேட்டுப் போனால் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். தவறும் என்று தெரிந்தால் தவறுவதற்கு முன்பே வங்கிக்குப் போய்ச் சொல். விற்றால் நாலு பேர் பேசுவார்கள் என்று பயப்படாதே, அவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். உன் அப்பாவுக்கும்தான்.

பொங்கலுக்கு நீ காரில் வருவாய் என்று வாசலோரச் செம்பருத்தியை வெட்டி இடம் செய்து வைத்திருக்கிறார் அவர். உனக்கு எது வசதியோ அப்படி வா. உழவன் எக்ஸ்பிரஸில் என்றால் இப்போதே டிக்கெட் பார்த்துவிடு. யாழினிக்கு அதிரசம் சுட்டு வைக்கிறேன்.

தவணை அட்டவணையை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. வங்கிச் செயலியிலேயே இருக்கும். இனிமேல் ஐந்தாம் தேதிக்கு ஏதாவது குறைந்தாலும் எனக்கே சொல், அப்பாவிடம் கேட்காதே.

அன்புடன்,
அம்மா