சி லேப் ஆசிரியர்களுக்கு: எக்ஸ்ஆர் ஸ்வாப் போதும், குதிரையை நகர்த்தச் சொல்லுங்கள்

பொறியியல் கல்லூரிகளில் சி லேப் நடத்தும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

பிட் ஆபரேட்டருக்கு நீங்கள் கொடுக்கும் பயிற்சிகள் எல்லாருக்கும் மனப்பாடம். மூன்றாவது வேரியபிள் இல்லாமல் இரண்டு எண்களை இடம் மாற்று, ஒற்றைப்படையா இரட்டைப்படையா பார். மாணவர்கள் எழுதிக் காட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். அதற்குப் பதில் செஸ் எஞ்சினின் மூவ் ஜெனரேட்டரை பிட்போர்டில், அதாவது கட்டத்துக்கு ஒரு பிட் என்று பலகையை எண்ணாக வைக்கும் முறையில், எழுத வையுங்கள். முழு எஞ்சினும் வேண்டாம். கொடுத்த நிலையில் என்னென்ன நகர்த்தல்கள் செல்லும் என்று பட்டியல் போட்டால் போதும்.

பலகையில் 64 கட்டம், அன்சைன்ட் லாங் லாங்கில் 64 பிட். ஏ1க்கு 0, ஹெச்8க்கு 63 என்று வைத்தால் வெள்ளைச் சிப்பாய்கள் அத்தனையும் ஒரே எண்ணில் அடங்கும். எட்டையும் ஓரடி முன்னே தள்ள லூப்பே வேண்டாம். எட்டு பிட் இடப்பக்கம் ஷிஃப்ட், காலிக் கட்டங்களோடு ஒரு ஆண்ட், அவ்வளவுதான். (1-ஐ சாதாரண 32 பிட் இன்ட்டாக வைத்து 40 இடம் ஷிஃப்ட் செய்து சிலர் மாட்டுவார்கள். மாட்டட்டும்.)

குதிரையில்தான் விஷயமே இருக்கிறது. அதன் எட்டுத் தாவலும் 6, 10, 15, 17 என்ற ஷிஃப்ட்கள், இரு பக்கமும். ஜி1 குதிரை 6-வது பிட். 15 கூட்டினால் எஃப்3, 17 கூட்டினால் ஹெச்3. 6 கூட்டினால் ஈ2, அங்கே சொந்தச் சிப்பாய் நிற்பதால் அந்த நகர்த்தல் செல்லாது. 10 கூட்டினால் 16, அதாவது ஏ3! வலது ஓரத்தில் விழுந்த குதிரை இடது ஓரத்தில் முளைக்கிறது. அந்த ஷிஃப்டுக்கு முன் ஜி, ஹெச் நெடுவரிசைகளை மாஸ்க் போட்டு நீக்க வேண்டும். மாஸ்க் எதற்கு என்று அதன்பின் யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

சரி, அறுபது பேர் எழுதியதை யார் திருத்துவது? அதற்குத்தான் பெர்ஃப்ட் இருக்கிறது: குறிப்பிட்ட ஆழம் வரை செல்லும் நகர்த்தல் வரிசைகளை எண்ணிப் பார்க்கும் சோதனை. தொடக்க நிலையிலிருந்து ஒரு நகர்த்தல் ஆழத்தில் 20 வர வேண்டும். அப்புறம் 400, 8902, 1,97,281. விடைத்தாள் கையிலேயே இருக்கிறது. குதிரை மாஸ்க்கை மொத்தமாக விட்டவனுக்கு முதல் படியிலேயே 21 வரும்.

இன்னும் கெட்டிக்காரர்களுக்கு இந்த நிலையைக் கொடுங்கள். வெள்ளை: ராஜா ஏ5, யானை பி4, சிப்பாய்கள் பி5, ஈ2, ஜி2. கறுப்பு: ராஜா ஹெச்4, யானை ஹெச்5, சிப்பாய்கள் சி7, டி6, எஃப்4. வெள்ளை ஆட வேண்டும். முதல் ஆழம் 14, இரண்டாவது 191. அங்கே 193 வந்தால் ‘என் பாசான்’ விதியில் (இரண்டு கட்டம் பாய்ந்து பக்கத்தில் வந்த சிப்பாயை, ஓரடிதான் வந்ததுபோல் வெட்டுவது) கோட்டை விட்டிருக்கிறார்கள். வெட்டும்போது நான்காம் வரிசையிலிருந்து இரண்டு சிப்பாய்கள் ஒரே நேரத்தில் மறைந்து, பி4 யானை நேராகக் கறுப்பு ராஜாவைப் பார்க்கும். ‘பின்’ (pin) ஆன காய்களை, அதாவது நகர்ந்தால் ராஜாவுக்குச் செக் விழும் தனிக் காய்களை, மட்டும் சரிபார்க்கும் நிரலுக்கு இது தெரியாது.

யானைக்கும் பிஷப்புக்கும் மேஜிக் எண்களை (பெருக்கி, முன்பே கணக்கிட்ட அட்டவணையில் நகர்த்தல்களைத் தேடும் உத்தி) முதலிலேயே காட்டிவிடாதீர்கள். யானைக்கு மட்டும் 1,02,400 பதிவுகள், 800 கேபி அட்டவணை. பையன்கள் எங்கிருந்தாவது காப்பி அடித்து ஒட்டிவிடுவார்கள். ஒவ்வொரு திசையிலும் காய் தடுக்கும்வரை நடக்கும் சாதாரண லூப் முதல் பருவத்துக்குப் போதும்.

காப்பி பயம் இருந்தால் வைவாவில் ஒரு மாஸ்க்கை அழித்துவிட்டு, எந்த எண் வரும், எந்த நகர்த்தலால் என்று கேளுங்கள். ஓட்டிப் பார்க்காமல் சொல்ல வேண்டும்.