ஒரு யூனிட்டுக்கும் குறைவான பற்றரி

அன்புள்ள மகளுக்கு,

விடியப்புறம் சத்தமில்லாமல் ஓடுகிற உன் ரொயோட்டா அக்குவா (எஞ்சினும் மின்மோட்டரும் சேர்ந்து இழுக்கிற ஹைபிரிட் கார்), மத்தியானத்தில் ஏன் அடிக்கடி எஞ்சினைப் போடுகிறது என்று கேட்டிருந்தாய். பிழை ஒன்றும் இல்லை, பிள்ளை. சூடு ஏறினால் பற்றரியைக் காப்பாற்ற வாகனம் செய்கிற வேலை அது. ஃபோனில் சொல்லி முடியாத விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

அந்தப் பற்றரி எவ்வளவு சின்னது என்று முதலில் கணக்குப் பார். உன்னுடையது 2011 கடைசியில் யப்பானில் வெளிவந்த முதல் ரகம். பின் சீற்றுக்குக் கீழே 20 மொடியூல், ஒவ்வொன்றிலும் 1.2 வோல்ற் செல் 6. மொத்தம் 144 வோல்ற், 6.5 அம்பியர் மணி. பெருக்கினால் 936 வாற் மணி. கரண்ட் பில்லில் ஒரு யூனிட் (1,000 வாற் மணி) என்று போடுகிறார்களே, அதுகூடத் தேறாது. அதிலும் உள்ளே இருக்கும் கம்பியூட்டர் 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கவும் 80க்கு மேலே ஏறவும் இலேசில் விடாது. 60ஐச் சுற்றியே வைத்திருக்கப் பார்க்கும். நிக்கல் பற்றரி நிரம்பியும் கிடக்கக்கூடாது, காய்ந்தும் கிடக்கக்கூடாது. ஆகவே திரையில் பற்றரியின் சார்ஜைக் காட்டுகிற எட்டுக் கோடும் நிரம்பவில்லையே என்று கவலைப்படாதே. ஆறு கோட்டில் நின்றால் நல்ல சுகமாக இருக்கிறது என்று அர்த்தம்.

இனிச் சூடு. பிரேக் பிடிக்கும்போது கரண்ட் உள்ளே போகிறது, பெடலை மிதிக்கும்போது வெளியே வருகிறது. இரண்டிலும் சூடு பிறக்கும். 40 பாகையைத் தாண்டிப் போகப்போக, ஏற்றுகிற கரண்ட் முழுவதும் சார்ஜாகத் தங்காது. ஒரு பங்கு செல்லுக்குள்ளேயே ஒட்சிசனாகி, அது திரும்பச் சேரும்போது இன்னும் சூட்டைக் கொடுக்கும். அதாவது சூடு சூட்டை வளர்க்கும். இதை உணர்கருவிகள் கண்டதும், பற்றரியைக் குளிர்விக்கிற விசிறியின் வேகத்தைக் கம்பியூட்டர் கூட்டும். அதற்கும் அடங்காவிட்டால் பற்றரி எடுக்கிற கரண்டையும் கொடுக்கிற கரண்டையும் குறைத்துவிடும். மோட்டரின் கை குறைந்தால் எஞ்சின்தான் இழுக்கவேண்டும்: சத்தம் கூடும், பிக்அப் மந்தமாகும், பெற்றோல் கூடப் போகும். மோட்டரில் மட்டும் ஓடவைக்கிற ஈவி பொத்தானை அமத்தினால் மாட்டேன் என்று சொல்லும். நீ கேட்ட கேள்விக்கு மறுமொழி இவ்வளவுதான்.

அந்த விசிறி வெளிக்காற்றை எடுப்பதில்லை. பின் சீற்றின் அடியில் ஒரு கம்பிவலை வாய் இருக்கிறது. காருக்குள் நீ மூச்சுவிடுகிற காற்றைத்தான் அதுவும் இழுக்கிறது. பெற்றோல் மிச்சம் பிடிக்க ஏசியை நிற்பாட்டிவிட்டு, கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஏ9 வீதியில் மத்தியானம் ஓடுவது கெட்டித்தனம் இல்லை. வவுனியாப் பக்கத்து வெக்கையும் புழுதியும் நேரே பற்றரிக்குப் போகும். ஏசியை 25, 26இல் வைத்து, உள்காற்றே சுழலும்படி விடு. வெயிலில் நின்ற காரை எடுக்கும்போது நாலு கதவையும் ஒரு நிமிடம் திறந்து வெக்கையை வெளியே விட்டபிறகு ஏறு.

விசிறியின் இதழ்கள் சின்னவை, உருளை மாதிரி வளைத்து அடுக்கியிருக்கும். தலைமயிரும் சீற் துணியின் தும்பும் அதில் பிடித்து, மேலே புழுதி ஏறினால் கம்பளித் துண்டு சுற்றினமாதிரி ஆகிவிடும். அப்போது விசிறி சுழலும், சத்தமும் போடும், காற்று மட்டும் வராது. வெளியே தெரிகிற வலையை மாதம் ஒருக்கா நீயே வக்கியூம் பண்ணலாம். விசிறியை வருடத்துக்கு ஒருக்காக் கழற்றி மெல்லிய தூரிகையால் துடைப்பிக்கவேண்டும். இந்த ரோட்டில் அடிக்கடி வந்துபோகிற உனக்கு ஆறு மாதத்துக்கு ஒருக்கா என்றே வைத்துக்கொள்வோம். கொம்பிரசர் காற்றை உள்ளே அடிக்க விடாதே, ஊத்தை முழுவதும் மொடியூல்களுக்கு நடுவே போய் அடைந்துவிடும். தண்ணீர் கிட்டவும் போகக்கூடாது. உயர் வோல்ற் போகிற செம்மஞ்சள் வயர் எதையும் நீ தொடாதே. பற்றரியின் இணைப்பைத் துண்டிக்கிற சேர்விஸ் பிளக்கைக் கழற்றியபிறகும் 10 நிமிடம் பொறுத்து, ரப்பர் கையுறையோடு வேலை செய்கிறவனிடம் மட்டும் கொடு.

ட்ராஃபிக்கில் நிற்கும்போது நியூட்ரலில் போடுகிற பழக்கத்தை விட்டுவிடு. பழைய காரில் அது சரி. இதில் நியூட்ரலில் நின்றால் பற்றரிக்குச் சார்ஜ் ஏறாது, ஏசி மட்டும் இழுத்துக்கொண்டே இருக்கும். டி (D) கியரில் பிரேக் பிடித்து நில், கனநேரம் என்றால் பார்க்கில் போடு. ஏற்றத்தில் பெடலை மிதித்தபடி காரைப் பிடித்து வைக்காதே. சக்கரம் உருளாவிட்டாலும் மோட்டருக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். அது முழுவதும் சூடுதான்.

மலையில் இறங்குவது இன்னொரு கணக்கு. நுவரெலியாவிலிருந்து ரம்பொடை வழியாகக் கம்பளைக்கு ஏறக்குறைய 1,400 மீற்றர் இறக்கம். காரும் ஆட்களுமாக 1,300 கிலோ என்றால், அந்த இறக்கத்தில் கிடைக்கிற சக்தி கிட்டத்தட்ட 5 யூனிட். ரயரும் காற்றும் பாதியைத் தின்றாலும் மிச்சத்தை இந்தச் சின்னப் பற்றரி எங்கே வைக்கும்? கொஞ்சத் தூரத்திலேயே எட்டுக் கோடும் நிரம்பிவிடும். பிறகு பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில்தான். ஆகவே இறக்கம் தொடங்கும்போதே கியரை டிக்குக் கீழே இருக்கிற பி (B) என்ற இடத்துக்கு மாற்று. எஞ்சின் திடீரென்று இரையும், பயப்படாதே. பெற்றோல் எரியவில்லை, எஞ்சினைக் காற்றுப் பம்ப் மாதிரிச் சுழற்றி மிஞ்சின சக்தியைச் செலவழிக்கிறது. சமதரைக்கு வந்ததும் டிக்குத் திரும்பு, இல்லாவிட்டால் பற்றரிக்குப் போகவேண்டியதையும் சேர்த்து வீணாக்கும்.

காரைக் கனநாள் விட்டுவிட்டுப் போவதென்றால், இரண்டு மாதத்துக்கு ஒருக்கா யாராவது அரை மணித்தியாலம் ஓட்டவேண்டும். இதில் வேறாக ஸ்டார்ட்டர் கிடையாது. எஞ்சினைச் சுழற்றுவதே பின் சீற்றுக்குக் கீழே இருக்கிற இந்தப் பற்றரிதான். அது முற்றாக இறங்கினால் ராங்க் நிறையப் பெற்றோல் இருந்தும் கார் எழும்பாது. வேறாக இருக்கிற 12 வோல்ற் பற்றரிக்குப் போடுகிற ஜம்பர் வயர் இதற்கு உதவாது.

கோடு ஐந்து நிமிடத்தில் எட்டுக்கு ஏறி, அதே வேகத்தில் இரண்டுக்கு விழத் தொடங்கினால் ஒரு மொடியூல் களைத்துவிட்டது என்று வைத்துக்கொள். அநேகமாக நடுவில் இருப்பதாகத்தான் இருக்கும், ஓரத்தில் இருப்பவற்றைப் போல அதற்குச் சூடு ஆறுவதில்லை. ஸ்கானரில் பற்றரி பழுது என்று காட்டுகிற பி0ஏ80 (P0A80) குறி வந்ததும் முழுப் பற்றரியையும் மாற்றச் சொல்வார்கள். முதலில் மொடியூல்களின் வோல்ற்றேஜை, பாரம் கொடுத்தபடி அளந்து காட்டச் சொல். அவற்றை இணைக்கிற செப்புத் தகடு பச்சை பிடித்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல். ஒரே ஒரு மொடியூலை மாற்றித் தருகிறேன் என்று சொல்கிறவன், அது மற்ற 19ஓடும் கொள்ளளவில் ஒத்துப்போகிறதா என்று ஏற்றி இறக்கிப் பார்த்தானா என்று கேள். பார்க்காமல் போட்டால் சில மாதத்தில் அடுத்தது விழும். விசிறியைத் துடைக்காமல் புதுப் பற்றரி போட்டாலும் அதே கதிதான்.

பொங்கலுக்கு வந்து திரும்பும்போது அம்மா கட்டித் தருகிற மிளகாய்த்தூளையும் ஒடியல் மாவையும் பின் சீற்றுக்குக் கீழே தள்ளிவிடாதே. டிக்கியில் வை. அந்த வலை வாய்க்கு முன்னால் ஒரு சாண் இடமாவது வெறுமையாக இருக்கவேண்டும்.

அன்புடன்,
அப்பா