கடலோர நடையில் காற்றுக்கு ஒரு வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடலோர நெடும்பாதைகளைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். இங்கிலாந்தின் தென்மேற்கு முனையைச் சுற்றும் 1,014 கிலோமீட்டர் பாதை, வேல்ஸில் 2012இல் திறந்த 1,400 கிலோமீட்டர் பாதை என்று படிக்கும்போதே கால் பரபரத்தது. காலணிக்கும் தண்ணீருக்கும் பத்தி பத்தியாகக் குறிப்பு இருந்தது. காற்றுக்கு மட்டும் 'இதமான கடற்காற்று' என்று ஒரே வரி. அது போதாது.

எனக்கு 61 வயது. நானும் என் தங்கையும் பாறை முகட்டை ஒட்டியே போகும் ஒரு கடலோரப் பாதையில் ஒன்பது நாள் நடந்திருக்கிறோம். ஆறாம் நாள் காலை, வானிலை அறிக்கையில் காற்று மணிக்கு 35 கிலோமீட்டர் என்று இருந்தது. அவ்வளவுதானே என்று கிளம்பிவிட்டோம். அது சராசரி வேகம். அதன் கீழேயே, திடீர் வீச்சு 65 வரை போகும் என்று போட்டிருந்ததை நாங்கள் பார்க்கவில்லை. வேகம் இரண்டு மடங்கானால் காற்று நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். போதாததற்கு, கடலிலிருந்து வரும் காற்று பாறைச் சுவரில் மோதி மேலேறும்போது முகட்டில்தான் இன்னும் வேகமெடுக்கும். பாதையும் அங்கேதான் போகிறது.

முதலில் முதுகுப்பையின் மழை உறை பாய்மரம்போல் உப்பி என்னைப் பக்கவாட்டில் இழுத்தது. பிறகு கழன்று, ஒற்றைக் கயிற்றில் தொங்கியபடி படபடவென்று காதருகே அடித்தது. பின்னால் வந்த தங்கை "அக்கா, உட்காரு!" என்று கத்தியிருக்கிறாள், நான்கடி தூரத்தில் இருந்த எனக்குக் கேட்கவில்லை. அடிக்கிற காற்றைச் சமாளிக்கக் கடல் பக்கம் சாய்ந்தபடியே நடந்துகொண்டிருந்தேன். ஒரு நொடி காற்று சட்டென்று நின்றது. சாய்ந்த உடம்பு சாய்ந்த பக்கமே போனது. விளிம்பை நோக்கி இரண்டு எட்டு. ஊன்றுகோல் ஒரு புல்திட்டில் குத்தி நின்றதால் தப்பினேன். கரை நோக்கி அடிக்கும் காற்று நம்மை உள்ளேதானே தள்ளும் என்ற தைரியம் தவறு என்று அன்றுதான் புரிந்தது.

நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று இன்னும் மோசம். பாறையடியில் கடல் அமைதியாகத் தெரியும், மேலே நம்மை நேராக விளிம்புக்குத் தள்ளும். எட்டாம் நாள் அப்படித்தான் வீசியது. முகட்டை விட்டுவிட்டு ஊர்வழிச் சாலையில் நடந்தோம். தூரம் கூடியதில் எங்களுக்கு வருத்தமில்லை.

பிரான்சிஸ் போஃபர்ட் 1805இல் வகுத்த காற்று அளவுகோலை மாலுமிகளுக்கானது என்று நினைத்திருந்தேன். பின்னாளில் அதில் சேர்த்த நிலத்து அடையாளங்களைப் பார்த்தால், 7ஆம் எண்ணில், அதாவது 50 முதல் 61 கிலோமீட்டர் வேகத்தில், காற்றை எதிர்த்து நடப்பது சிரமம் என்றே இருக்கிறது. அது சமதரையில் வெறுங்கையோடு நடப்பவருக்கும் பொருந்தும். பத்துக் கிலோ சுமையோடு ஒற்றையடிப் பாதையில் போகிறவருக்கு அதற்கு முன்பே நிறுத்த வேண்டியிருக்கும்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் ஞாயிறு என்று போட்டிருக்கிறீர்கள். சராசரி வேகத்தோடு திடீர் வீச்சையும், காற்று கடலிலிருந்து வருகிறதா நிலத்திலிருந்து வருகிறதா என்பதையும் பார்த்துவிட்டுக் கிளம்பச் சொல்லி, தயவுசெய்து அதில் ஒரு பெட்டிச் செய்தி சேருங்கள். காற்றில் குரல் எடுபடாது, கைச்சைகைகளை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எங்களுக்கு, தலைமேல் கை வைத்தால் 'நில், உட்கார்' என்று அர்த்தம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி