பெயர் வைக்கும் முன்பே அந்த மாத்திரையை விழுங்கியவர்களுக்கு

வணக்கம்.

மருந்தை நிறுத்தி ஓராண்டு கழித்து எடுத்த சளிப் பரிசோதனையும் நெகட்டிவ் என்று போன வாரம் வந்தது. அன்று மாலையே இதை எழுத உட்கார்ந்தேன். யாரிடமிருந்து தொடங்குவது என்று புரியாமலே நாலு நாள் போய்விட்டது.

நான் மதுரையில் சுங்குடி வேலை செய்கிறவள். முடிச்சுப் போடவும் தெரியும், சாயம் சேர்க்கவும் தெரியும். எனக்கு வந்தது, காசநோய்க்கு முக்கியமாகக் கொடுக்கிற ரிஃபாம்பிசின் என்ற மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய். முதலில் போன ஒரு தனியார் கிளினிக்கில் மூன்று மாதம் இருமல் டானிக் மட்டும் கொடுத்தார்கள். அந்த வருத்தத்தை இங்கே நீட்டவில்லை. அரசு மருத்துவமனையில் சிபிநாட் என்ற சளிப் பரிசோதனை எடுத்த பிறகுதான் என்ன நோய் என்றே தெரிந்தது.

அங்கே இருந்த ஆலோசகர் அக்காவுக்குத்தான் முதல் நன்றி. ஒவ்வொரு மாத்திரையையும் என் உள்ளங்கையில் வைத்து, அது உள்ளே போய் என்ன செய்யும் என்று சொன்னார். பெடாகுவிலின் என்ற மாத்திரையைப் பற்றி அவர் சொன்னது இது: "கிருமிக்குள்ள சின்னதா ஒரு செக்கு சுத்திக்கிட்டே இருக்கும்த்தா. அதுக்கு வேண்டிய சக்திய அதுலதான் ஆட்டி எடுக்குது. பெடாகுவிலின் போயி அந்தச் செக்கு சுத்தவிடாம புடிச்சுக்கிரும்." ஏடிபி சிந்தேஸ் என்ற நொதிதான் அந்தச் செக்கு என்று பிறகு தெரிந்துகொண்டேன். தூங்கிக் கிடக்கிற கிருமியும் அந்தச் செக்கை நம்பித்தான் உயிரோடு இருக்கிறதாம். அதனால் அதுவும் சாகும்.

நல்லதை மட்டும் சொல்லி அவர் என்னை அனுப்பிவிடவில்லை. ஆரம்ப கால ஆய்வு ஒன்றில், வழக்கமான மருந்துகளோடு இதையும் சேர்த்து எடுத்தவர்களில் இறந்தவர்கள் மற்றப் பிரிவைவிட அதிகம், ஏன் என்று தெளிவாகத் தெரியவில்லை என்றார். 2012 டிசம்பரில் அமெரிக்கா இதற்கு அனுமதி கொடுத்தபோது அந்த எச்சரிக்கையையும் சேர்த்தே கொடுத்தது. பிறகு தென்னாப்பிரிக்காவில் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில், இதை எடுத்தவர்களிடம் இறப்பு குறைவாகவே இருந்தது. "ரெண்டையும் சொல்லிட்டேன். இனி நீ கேக்குறதக் கேளு" என்றார். என்னைப் படிக்காதவள் என்று நினைத்து அவர் எதையும் மறைக்கவில்லை. அந்த மரியாதைக்காகத்தான் அவருக்கு முதலில் நன்றி எழுதுகிறேன்.

இந்த மருந்து இதயத் துடிப்பில் க்யூடி என்கிற இடைவெளியை நீட்டக்கூடியது. அது 500 மில்லிசெகண்டைத் தாண்டினால் மருந்தை நிறுத்த வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் திரையை இழுத்து மூடி, குளிர்ந்த பசையை முதலில் தன் கையில் தேய்த்துச் சூடாக்கிவிட்டு என் மேல் தடவிய ஈசிஜி எடுக்கும் தங்கச்சிக்கு நன்றி. எனக்கு ஒரு தடவைகூட அந்தக் கோட்டைத் தாண்டவில்லை.

பக்கத்து வீட்டு மதினிக்கு நன்றி. பெடாகுவிலினை வெறும் வயிற்றில் போட்டால் பாதிதான் உடம்பில் ஏறும், சாப்பாட்டோடு போட்டால் இரண்டு மடங்கு ஏறும். முதல் இரண்டு வாரம் தினமும் நாலு மாத்திரை, பிறகு வாரத்தில் மூன்று நாள் இரண்டிரண்டு. குமட்டலில் அடுப்புப் பக்கமே போக முடியாமல் நான் கிடந்த நாட்களில், எட்டு மணிக்கு என் வாசலில் தூக்குவாளி வந்துவிடும். அந்த இட்லியும் முட்டையும் மருந்தில் சேர்த்தியா உணவில் சேர்த்தியா, எனக்குத் தெரியாது.

மூன்றாவது மாதம் என் நிறம் மாறியது. செம்பு கறுத்த மாதிரி ஒரு நிறம். தெருவில் கேட்காதவர் இல்லை, மகள் பள்ளிக்கூட வாசலுக்கு வர வேண்டாம் என்றாள். நான் எடுத்த இன்னொரு மருந்தான க்ளோஃபாஜிமின் செய்கிற வேலை அது. மருந்து கொடுக்கும் இடத்தில் இருந்த அண்ணன் என் தொழிலைக் கேட்டுவிட்டு, "அந்த மருந்தே ஒரு செவப்புச் சாயந்தான்மா" என்றார். 1954 வாக்கில் டப்ளினில் வின்சென்ட் பேரி என்பவரும் அவரோடு இருந்தவர்களும் உருவாக்கியது. அவர்கள் தேடலைத் தொடங்கியதே பாறையிலும் மரப்பட்டையிலும் படர்கிற லைக்கனில் கிடைத்த ஒரு பொருளிலிருந்துதான். நாம் பிரியாணி மசாலாவில் போடுகிற கல்பாசியும் ஒரு லைக்கன் என்று அவர் சொன்னதும் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. காசநோய்க்கென்று செய்த மருந்து, கினிப் பன்றியிடம் பலிக்காமல் ஓரம் கட்டப்பட்டு, தொழுநோயாளிகளைக் காப்பாற்றப் போய், பல பத்தாண்டு கழித்து மறுபடி காசநோய்க்கே திரும்பி வந்திருக்கிறது. சாயம் ஏறினால் இறங்க நாளாகும் என்பது எனக்குத் தெரியாததா? அன்றே மகளைக் கூட்டிவைத்து முழுக்கதையும் சொன்னேன். மறுநாள் அவளே என் கையைப் பிடித்துப் பள்ளிக்கூட வாசலுக்குக் கூட்டிப்போனாள்.

நான் உண்மையிலேயே பயந்தது லினேசோலிட்டுக்கு. கிருமி புரதம் செய்கிற இடத்தில் போய் உட்கார்ந்து அந்த வேலையை நிறுத்துகிற மருந்து அது. நம் செல்லுக்குள் இருக்கிற மைட்டோகாண்ட்ரியாவிலும் அதே சாயலில் ஓர் இடம் இருப்பதால், நாளாக நாளாக நம் நரம்பையும் ரத்தத்தையும் கண்ணையும் அது தொட்டுவிடும். ஐந்தாம் மாதம் பாதம் மரத்தது. எறும்பு கடித்தும் தெரியவில்லை. உடனே 600 மில்லிகிராமை 300 ஆகக் குறைத்தார்கள். கண்ணில் தொட்டால் சிவப்பும் பச்சையும்தான் முதலில் மங்குமாம். அரக்கையும் மெரூனையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத சாயக்காரிக்கு என்ன பிழைப்பு இருக்கிறது?

மாதாமாதம் நிறப் பார்வையைச் சோதிக்கிற இஷிஹாரா புத்தகத்தை என் முன்னால் விரித்துவைத்த கண் பரிசோதகர் தம்பிக்கு நன்றி. பக்கம் முழுக்க வண்ண வண்ணப் புள்ளிகள், நடுவில் ஒளிந்திருக்கும் எண். முதல் நாள் பார்த்ததும் சுங்குடி முந்தானை என்றுதான் நினைத்தேன். வரிசையில் எத்தனை பேர் நின்றாலும் அந்தத் தம்பி என்னிடம் ஒரு பக்கத்தைக்கூட விட்டுவிட்டுத் திருப்பியதில்லை.

இனி, நான் முகம் பார்க்காதவர்களுக்கு.

அப்பத்தா காலத்தில் காசநோய் வந்தால் ஆளை வீட்டிலிருந்து பிரித்து சானடோரியத்துக்கு அனுப்புவார்கள். மதுரைப் பக்கம் சானடோரியம் இருந்த ஆஸ்டின்பட்டி என்ற பெயரையே அவர் குரலைத் தணித்துத்தான் சொல்வார். நான் என் வீட்டுத் திண்ணையில் படுத்து மருந்து சாப்பிட்டேனே, அதற்கு வழி திறந்தவர்கள் 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வுக்குச் சம்மதித்த 193 ஏழை நோயாளிகள். வீட்டிலேயே மருந்து எடுத்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமானார்கள் என்று 1959-இல் முடிவு வந்தது. அவர்களுக்கு நன்றி.

பெடாகுவிலினுக்கு அந்தப் பெயரே வராமல் டிஎம்சி207 என்று எழுத்தும் எண்ணுமாக இருந்த நாளில் அதை விழுங்கியவர்களுக்கு, பிழைத்தவர்களுக்கும் பிழைக்காதவர்களுக்கும், நன்றி. என் கையில் அதைத் தரும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று ஆலோசகர் அக்காவுக்குத் தெரிந்திருந்ததே, அது அவர்கள் உடம்பிலிருந்து வந்த அறிவு.

முன்பெல்லாம், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு மாதக்கணக்கில் ஊசிதான். பலருக்குக் காது போயிற்று. அப்படிக் காதை இழந்த மும்பையின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் புமேசா திசிலேவும் பெடாகுவிலின் காப்புரிமையை நீட்டக்கூடாது என்று போராடினார்கள். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் அந்த நீட்டிப்பை மறுத்தது. என் மகள் கூப்பிடுவது எனக்குக் கேட்கிறது, சகோதரிகளே.

அக்கா, உங்களுக்கு ஒரு சேலை முடித்து வைத்திருக்கிறேன். அரக்கு உடல், பச்சைக் கரை. முடிச்சு எல்லாம் நானே போட்டது, சாயமும் நானே பார்த்துச் சேர்த்தது. ஆஸ்பத்திரியில் வைத்து எதுவும் வாங்க மாட்டேன் என்பீர்கள், தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள்.